அடுப்படிக்கும் கேட்கட்டும்: உடன் வேலை பார்ப்பவரைப் பாராட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய பங்களாக்களை ஓட்டலாக மாற்றிய இடங்களில் பல வருடம் வேலையாட்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தேன். இப்போது பலகாரக் கடை, கல் பட்டறை, ஜவுளிக் கடை என்று கூப்பிடுகிற இடங்களுக்குப் போய் இதைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன். போகிற இடமெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சம்பளம் சரியாகக் கொடுக்கிறோம், தீபாவளிக்குப் போனஸும் உண்டு. அதற்கு மேல் பாராட்டு எதற்கு?

சம்பளமும் போனஸும் கொடுக்க வேண்டிய கடன். போனஸ் சட்டத்துக்குள் வரும் இடங்களில் தகுதியுள்ளவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே தீர வேண்டும். வாங்குகிறவருக்கும் அது தெரியும். அந்தக் கவரைப் பிரிக்கும்போது வீட்டுச் செலவு ஞாபகம் வரும். போன மாதம் மழையில் நனைந்துகொண்டு சரக்கை உள்ளே எடுத்து வைத்ததை யாரோ பார்த்தார்கள் என்ற நினைப்பு வராது.

அமெரிக்காவில் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஏறக்குறைய 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் உட்காரவைத்து, வேலையில் மனம் நிறைந்த நாள் எது, வெறுத்துப்போன நாள் எது என்று கேட்டார்கள். 1959-ல் முடிவுகள் வெளிவந்தன. மனம் நிறைந்த நாட்களில் முதலில் நின்றது ஒரு வேலையைச் செய்து முடித்த திருப்தி. அடுத்து நின்றது, அதை மற்றவர் கவனித்துச் சொன்னது. நம் ஊர்ப் பட்டறையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்பது என் அனுபவம்.

ஆனால் ஒன்று. சம்பளத்தை இழுத்தடித்துவிட்டுப் பாராட்டை முன்னால் நீட்டாதீர்கள். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள். பத்து மணி நேரம் நின்ற காலோடு இருக்கும் பெண்ணிடம் 'நீங்கதாம்மா இந்தக் கடைக்குத் தூண்' என்று சொன்னால் அந்தச் சொல் அவரிடம் போய்ச் சேராது. முதலில் நாற்காலி போடுங்கள்.

முதலாளியோ மேனேஜரோ சொன்னால் போதாதா? கூட வேலை பார்ப்பவர் ஏன் சொல்ல வேண்டும்?

செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது முகப்பு. தேக்குக் கதவு, தூண், திண்ணை. அதைத் தாண்டி வளவு, அதாவது சுற்றிலும் அறைகள் உள்ள முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. சில வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வந்த விருந்தாளி முகப்பையும் வளவையும் பார்த்து அசந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டு போவார். அடுப்படியில் புகை குடித்தவரை அவர் பார்க்கவே மாட்டார்.

வேலை இடங்களும் இப்படித்தான். விருந்தாளியின் டிப்ஸ், இணையத்தில் எழுதும் நல்ல வார்த்தை, முதலாளியின் கண் எல்லாம் முகப்பில் நிற்பவருக்கே கிடைக்கும். முதலாளி கெட்டவர் என்பதால் இல்லை, அவர் நிற்கும் இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும். அடுப்படியில் நடப்பது அடுப்படியில் இருப்பவருக்குத்தான் தெரியும். குழம்பு அடிப்பிடிக்கிற நேரத்தில் ஓடிவந்து கிளறியவர் யார், மளிகைச் சாமான் குறைந்ததை முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னவர் யார் என்பதற்குச் சாட்சி பக்கத்து அடுப்பில் நிற்பவர் மட்டும்தான். அவர் வாய் திறக்காவிட்டால் அந்த வேலை நடந்ததற்கே தடயம் இல்லை.

கண்டாங்கிச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே பெருமைப்பட்டது, நியாயம்தான். சேலையை எடுத்துப் பார்ப்பவர் நெய்தவர் கையை மெச்சுவார். ஆனால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல்குழலுக்குத் தார் என்று பேர். அந்தத் தார் சுற்றிக் கொடுக்கிற பெண் நூலை ஒரே இழுப்பில், ஒரே சீராகச் சுற்றாவிட்டால் நாடா ஓடும்போது ஊடை நூல் அறுந்துகொண்டே இருக்கும். 'இன்னிக்கு ஒரு தடவைகூட நூல் அறுகலக்கா' என்று தறியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் உண்டு. சேலை வாங்க வருகிறவருக்குத் தார் என்றால் என்னவென்றே தெரியாது.

'சூப்பர்ண்ணே' என்று தினமும் சொல்கிறோமே, அது போதாதா?

போதாது. அது ஒரு மரியாதை வார்த்தையாகிவிட்டது, 'சாப்பிட்டாச்சா' மாதிரி. கேட்பவர் மனதில் அது தங்குவதில்லை.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பலகாரக் கடையின் பின்கட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். முறுக்கை வெல்லப்பாகில் புரட்டிச் செய்யும் மனகோலம் என்ற செட்டிநாட்டுப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வெல்லப்பாகு கெட்டிப்பதம் வர வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் மனகோலம் பிசுபிசுத்துப் போகும், பிந்தினால் பாகு இறுகிப்போய் முறுக்கோடு ஒட்டாது. பாகுக்காரர் இரண்டு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை சட்டென்று அடுப்பை அணைத்தார். பக்கத்தில் தேங்காய்ப் பல்லு வறுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: 'அண்ணே, நேத்து பெஞ்ச மழையில வெல்லம் கசிஞ்சு போயிருந்துச்சு. அதுக்குத்தானே வழக்கத்தைவிட நேரம் கூட விட்டீங்க? நானா இருந்தா எப்பவும்போல எறக்கியிருப்பேன்.'

அவர் பதிலே சொல்லவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தார். ஆனால் அந்த மூன்று வாக்கியத்தில் என்ன இருக்கிறது பாருங்கள். நேற்றைய மழை, கசிந்த வெல்லம், அதைப் பார்த்து அவர் எடுத்த முடிவு. இருபது வருடக் கைப்பழக்கம் செய்த ஒரு காரியத்தை இன்னொருவர் கண்டுகொண்டார். 'சூப்பர்' என்று சொல்லியிருந்தால் இதில் எதுவும் வந்திருக்காது.

ஆகவே மூன்றைச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்: அவர் செய்தது என்ன, அதில் எது கடினம், அதனால் உங்களுக்கு என்ன மிச்சம். மூன்றும் எப்போதும் வராது. முதலாவது இருந்தாலே பாதி வந்த மாதிரிதான்.

எங்கள் பக்கம் நேருக்கு நேர் புகழ்கிற பழக்கம் இல்லை. கண்ணு பட்டுவிடும் என்பார்கள், காரியத்துக்காகச் சொல்கிறான் என்றும் நினைப்பார்கள். கூச்சமாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். எனக்கும் முதல் ஒரு வருடம் நாக்கு எழவில்லை.

அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, 'வாங்குகிறவர் எவ்வளவு சந்தோஷப்படுவார், எவ்வளவு சங்கடப்படுவார்' என்று எழுதியவரிடம் கேட்டார்கள். பிறகு வாங்கியவரிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் சந்தோஷத்தைக் குறைத்தும் சங்கடத்தைக் கூட்டியும் கணக்குப் போட்டிருந்தார்கள். நாம் சரியான வார்த்தை வரவில்லையே என்று தவிக்கிறோம், கேட்பவரோ வார்த்தையின் அழகைப் பார்ப்பதில்லை. தன்னை நினைத்துப் பார்த்தார்களே என்பதைத்தான் பார்க்கிறார்.

நேரில் சொல்ல முடியவில்லையா, நம் வழக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது. அவர் காதில் விழும்படி மூன்றாவது ஆளிடம் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் ஆச்சிமார் இதை அழகாகச் செய்வார்கள். பரிமாறுகிற பெண்ணை நேராகப் பார்க்காமல் பக்கத்து இலையில் இருப்பவரிடம், 'இந்தப் புள்ளை கேக்காமலே மோர் கொண்டாந்து வச்சுச்சு பாரு' என்பார்கள். சொன்னவருக்கும் கூச்சமில்லை, கேட்ட பெண்ணுக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

எல்லார் முன்னாலும் சொல்வதா, தனியாகவா?

ஆளைப் பொறுத்தது. கூட்டத்தில் பேர் சொன்னால் முகம் மலர்கிறவரும் உண்டு, அன்றைக்கு முழுக்கக் கண்ணில் படாமல் ஒளிகிறவரும் உண்டு. தெரியாவிட்டால் முதலில் தனியாகச் சொல்லுங்கள்.

என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் போய் அவரைப் பாராட்டினால் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்காதா?

'நல்லா செஞ்சீங்க' என்று சின்னவர் பெரியவரிடம் சொன்னால் மார்க் போடுகிற மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதிலாகக் கேளுங்கள். 'அண்ணே, எண்ணெய் காய்ஞ்சதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?', 'அய்யா, இந்த மூலையில மட்டும் கலர் பிசகாம எப்படி ஊத்துறீங்க?' இப்படிக் கேட்பதே பெரிய பாராட்டு. மூத்த கைக்காரருக்கு இதைவிட இனிக்கிற சொல் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். அவர் சொல்லித் தரும்போது வேலையும் ஒரு தலைமுறை இறங்கி வருகிறது.

'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று படம் மாட்டலாமா?

நான் வேண்டாம் என்பேன், காரணத்தோடு.

நான் வேலை பார்த்த ஒரு பங்களா ஓட்டலில் அப்படி ஒரு பலகை இருந்தது. ஒருநாள் வெளிநாட்டு விருந்தாளி ஒருவரின் வெள்ளைச் சட்டையில் மீன்குழம்பு கொட்டிவிட்டது. வரவேற்பில் நின்ற தம்பி சட்டையை வாங்கி ஓடிவந்து சலவை பார்க்கும் அக்காவிடம் கொடுத்தார். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது சிவந்து போகும், பார்ப்பவருக்குப் பகீரென்று இருக்கும். அக்கா பதறவில்லை. அலசிப் பின்கட்டு முற்றத்து வெயிலில் விரித்துப் போட்டார், ஒரு மணி நேரம் கழித்து எடுத்து மறுபடி அலசி மறுபடி போட்டார். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறிவிடும் என்பது அவருக்குக் கைவந்த சங்கதி. சாயங்காலம் சட்டை பளிச்சென்று இஸ்திரி போட்டு வந்தது. விருந்தாளி அந்தத் தம்பியின் பேரைக் குறிப்பிட்டு எழுதிவிட்டுப் போனார். அந்த மாதம் பலகையில் தம்பியின் படம். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையை இரண்டு தடவை வெயிலில் போட்டதைப் பார்த்தது நான். எழுந்து சொல்லியிருக்க வேண்டியதும் நான்தான். சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரை மேலே தூக்கினால் பதினொரு பேர் கீழே நிற்பார்கள். அடுத்த மாதம் சுற்றில் வரும் என்று சமாதானம் சொன்னால், சுற்றில் வருவது பாராட்டு ஆகாது. எத்தனை பேர் எத்தனை காரியம் செய்தார்களோ அத்தனையும் சொல்ல இடமிருக்க வேண்டும்.

அப்படியானால் பணமோ பரிசோ கொடுக்கலாமா?

அவ்வப்போது, எதிர்பாராமல், சின்னதாகக் கொடுக்கலாம். 'இதைச் செய்தால் இது கிடைக்கும்' என்று முன்கூட்டி அறிவிப்பதில்தான் சிக்கல். 1973-ல் மார்க் லெப்பரும் அவருடைய தோழர்களும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்த குழந்தைகள், பிறகு விளையாட்டு நேரத்தில் மற்றக் குழந்தைகளைவிடப் பாதி அளவுதான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. பெரியவர்கள் குழந்தைகள் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசையோடு செய்ததைக் கூலிக்காகச் செய்ததாக மாற்றிவிடும் ஆபத்து நமக்கும் உண்டு.

அவர் என்னைப் பாராட்டிவிட்டார், நானும் திருப்பிச் சொல்ல வேண்டுமோ?

வேண்டாம். இது மொய் நோட்டு ஆகிவிடக் கூடாது. கல்யாணத்தில் ஐந்நூறு எழுதினவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் ஐந்நூறாவது எழுதியாக வேண்டும். அந்தக் கணக்குக்கு ஊர் வழக்கில் ஒரு நியாயம் உண்டு. பாராட்டில் அந்தக் கணக்கு நுழைந்தால் இரண்டு பேர் மாறி மாறிப் புகழ்ந்துகொள்வார்கள், மூன்றாமவர் ஒதுங்கிவிடுவார். உங்களைச் சொன்னவருக்குத் திருப்பிக் கொடுக்க நினைக்காமல், உங்கள் கண்ணில் பட்ட வேறு யாரையாவது பற்றிச் சொல்லுங்கள்.

நான் செய்த வேலையை இன்னொருவர் தன் பேரில் சொல்லிக்கொள்கிறார். இதில் எங்கே பாராட்டுவது?

இது வலிக்கிற விஷயம், சமாளி என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். வேண்டுமென்றே திருடுகிறவர் உண்டு. அவரிடம் நேராகப் பேசத்தான் வேண்டும், தேவைப்பட்டால் பொறுப்பாளர் முன்னிலையில்.

ஆனால் எல்லாமே திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மைக்கேல் ராஸ், பியோர் சிக்கோலி இருவரும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியைத் தனித்தனியே உட்காரவைத்து வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் செய்தது அவரவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். பட்டறையிலும் இதே கதை. இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, வேலை முடிந்த அன்றே யார் யார் என்ன செய்தார்கள் என்று பேர் சொல்லிப் பேசிவிடுவது. ஒரு வாரம் தள்ளினால் ஞாபகம் அவரவர் பக்கம் சாய்ந்துவிடும்.

வெளி மாநிலத்துத் தம்பிகள் இருக்கிறார்கள். பாஷை தெரியாதே?

முதலில் பேரைக் கற்றுக்கொள்ளுங்கள். 'ஏய்', 'பையா', 'வடக்கத்தி' என்று கூப்பிட்டுக்கொண்டே பாராட்டுவது நடக்காது. பேரைச் சரியாக உச்சரிக்க ஒருநாள் ஆகும். அப்புறம் அவர் துடைத்து வைத்த தரையைக் காட்டி, நெஞ்சில் கை வைத்தால் புரிந்துகொள்வார்.

வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா?

போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கைதட்டுகிற பொம்மை இருபது வரிசையாக வந்து விழும், யாரும் எதையும் படித்திருக்க மாட்டார்கள். பாத்திரம் கழுவுகிற அக்காவிடம் சாதாரண பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் அந்தக் குரூப்பில் அவர் இல்லவே இல்லை.

தப்பு செய்தவரைக் கண்டிக்கும்போது நடுவில் ஒரு பாராட்டைச் சேர்க்கலாமா?

கூடாது. அடுத்த முறை நீங்கள் பாராட்டத் தொடங்கும்போதே 'இதுக்கப்புறம் என்ன வரப்போகுதோ' என்று அவர் காத்திருப்பார். கண்டிப்பதைத் தனியாக, சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். பாராட்டு வேறொரு நாள் வரட்டும்.

எங்கள் இடத்தில் மொத்தமே ஏழு பேர். எங்கிருந்து தொடங்குவது?

ஏழு பேர் என்றால் ரொம்ப வசதி. சாயங்காலம் டீ வரும் நேரம் இருக்கிறதே, அதுதான் இடம். தினமும் வேண்டாம், வாரத்தில் ஒருநாள் போதும். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், இந்த வாரம் தனக்குக் கைகொடுத்த ஒருவரைப் பற்றி ஒரே ஒரு சங்கதி சொல்லட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் இரண்டு வாரம் யாரும் பேச மாட்டார்கள், நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். முதலில் பேசும்போது அடுப்படியிலிருந்து தொடங்குங்கள், முகப்பிலிருந்து வேண்டாம்.

சிட்டை எழுதுகிற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வரவு செலவுக்குப் பேரேடு போட்டுக் கடல் கடந்து வியாபாரம் செய்த ஊர் இது. ஒரு நாற்பது பக்க நோட்டை டீ வைக்கிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். தேதி, பேர், என்ன செய்தார், எழுதியவர் பேர். எழுதத் தெரியாதவருக்காக இன்னொருவர் எழுதலாம். மாதம் ஒருமுறை புரட்டினால், எந்தப் பேர் ஒரு தடவைகூட வரவில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த நோட்டில் எனக்கு முக்கியமான பக்கம் அதுதான். பேர் வராதவர் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வேலை செய்யும் நேரமும் இடமும் யார் கண்ணிலும் படாததாக இருக்கும், ராத்திரிக் காவல்காரர் மாதிரி. ஒருநாள் நீங்களே போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆரம்பித்தோம், மூன்று மாதத்தில் நின்றுவிட்டது.

சரி, மறுபடி ஆரம்பியுங்கள். ஐப்பசி கார்த்திகை முகூர்த்தச் சீசனில் மூச்சு விட நேரமில்லாமல் நின்றுபோவது இயல்பு. சடங்காக இழுத்துக்கொண்டு போவதைவிட நின்று தொடங்குவது நல்லது.

யாராவது என்னைப் பாராட்டினால் என்ன பதில் சொல்வது?

'அட, அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்பதுதான் வாயில் முதலில் வரும். அடக்கத்தில் சொல்கிறோம், ஆனால் எதிரில் இருப்பவர் கூச்சத்தை விட்டுக் கொண்டுவந்து கொடுத்ததைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. 'சந்தோஷம்' என்ற ஒரு சொல் போதும். உங்களுக்கு யாராவது கைகொடுத்திருந்தால் அவர் பேரையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் இதைப் பார்த்தேன். அங்கே தரையில் பதிக்கிற பூப்போட்ட கல்லைக் கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்த வாக்கில் செய்வார்கள். அச்சை வைத்து, பச்சை மஞ்சள் சிவப்பென்று கலர்ச் சிமெண்டைக் கட்டம் கட்டமாகக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் பண்ணுவார்கள். பூவின் முகம் கண்ணாடிப் பக்கம் இருப்பதால் ஊற்றியவருக்கே அது தெரியாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்து, கண்ணாடியை விட்டுக் கல் பிரியும்போதுதான் தெரியும். அன்று ஒரு பெரியவர் ஊற்றிய கல்லைப் பிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் குனிந்து பார்த்து, 'அய்யா, பச்சை ஒரு நூல்கூட மஞ்சள் பக்கம் போகலை' என்றார். பெரியவர் கல்லை வாங்கி ஓரத்தைத் தடவினார். 'சந்தோஷம்ப்பா' என்றார். பிறகு தொட்டிப் பக்கம் கை காட்டி, 'ஓரம் ஒரு இடத்துல வெடிக்கலை பாரு. அது அந்தத் தம்பி தண்ணி பார்த்த பார்வை' என்றார்.

முழங்கை வரை நனைந்து நின்றிருந்த பையன் தலையை நிமிர்த்தினான். அடுத்த கல்லை எடுக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து எடுத்தான்.